ஆளில்லாத் தீவுக்கு எட்டுப் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீசியசில், ரோஸ்ஹில் பக்கம், ஒரு கோயில் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பாட்டுக் கேட்கிறோம். ஒவ்வொரு மாதமும் ஒருவருடைய முறை. தன்னை ஆளில்லாத் தீவில் கொண்டுபோய் விட்டால் எந்த எட்டுப் பாட்டு கூட வரவேண்டும் என்று அவர் போட்டுக் காட்டி, ஏன் என்றும் சொல்ல வேண்டும். முறை நெருங்க நெருங்க எல்லோரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

பிபிசி வானொலியிலிருந்து. ராய் ப்ளோம்லி என்பவர் யோசித்து உருவாக்கிய ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ என்ற நிகழ்ச்சி இது. முதல் ஒலிபரப்பு 1942 ஜனவரி 29, உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். தீவில் ஒதுங்கியவருக்கு ஒரு கிராமபோன், தீராத ஊசிகள், எட்டு இசைத்தட்டுகள் உண்டு என்பது ஏற்பாடு. விருந்தினர் அந்த எட்டையும் ஒவ்வொன்றாகப் போட்டபடி தம் வாழ்க்கையைச் சொல்லுவார். பின்னாளில் ஒரு புத்தகமும் ஓர் ஆடம்பரப் பொருளும் சேர்ந்துகொண்டன. ப்ளோம்லி 1985ல் இறக்கும்வரை அவரே நடத்தினார். இதுவரை 3000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் வந்துவிட்டன, இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

நாம்தான் ஏற்கெனவே தீவில் இருக்கிறோமே, நமக்கு எதற்கு இது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. லண்டனில் இருப்பவருக்கு ஆளில்லாத் தீவு வெறும் கற்பனை. நமக்கு அது ஊர் வரலாறு. 1598ல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கியபோது இங்கே மனிதர் யாரும் குடியிருக்கவில்லை. அவர்கள் 1638ல் குடியேறினார்கள், 1710ல் விட்டுவிட்டுப் போனார்கள். 1715ல் பிரெஞ்சுக்காரர்கள் தீவைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஆக, இங்கே கேட்கிற ஒவ்வொரு பாட்டும் யாரோ ஒருவர் கப்பலில் கொண்டுவந்தது, அல்லது கொண்டுவந்ததை வைத்து இங்கே கட்டியது.

நம் ஆட்களில் முதலில் வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த கொத்தனார்களும் தச்சர்களும். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் இன்னும் நிறையப் பேர். அவர்கள் வந்து இறங்கிய துறையான போர்ட் லூயிசின் ஆப்ரவாசி காட் படிகளில் ஏறும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர்களிடம் யாரும் எட்டுப் பாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. வாயில் என்ன இருந்ததோ அது வந்தது. தாலாட்டு வந்தது, கும்மி வந்தது, அம்மன் பாட்டு வந்தது, முருகன் பாட்டு வந்தது. நாம் இன்றைக்குக் காவடியில் பாடுவது அந்த வரிசையின் தொடர்ச்சி. அதனால் நம் கூட்டத்தில் இந்தக் கேள்வியைப் பொழுதுபோக்காக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏன் எட்டு? பத்தாக்கினால் என்ன?

எட்டே இருக்கட்டும். இரண்டு மணி நேரத்தில் எட்டைத்தான் ஒழுங்காகக் கேட்டுப் பேச முடிகிறது. ஒருமுறை பன்னிரண்டு வரை விட்டுப் பார்த்தோம். கடைசி நான்கைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

பிடித்த பாட்டு நூறு இருக்கிறது. எப்படிக் குறைப்பது?

போனைத் திறந்து பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதில் இருப்பது சென்ற ஆறு மாதத்தில் நீங்கள் கேட்டவை. ஒரு சின்ன நோட்டை அடுக்களையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம், பாத்திரம் துலக்கும்போதும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் உங்களை அறியாமல் வாயில் வரும் பாட்டு எதுவோ அதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். முழுப் பாட்டும் வேண்டாம், ஒரு அடி வந்தாலும் எழுதுங்கள். வார முடிவில் நோட்டைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். "இது எனக்குப் பிடித்த பாட்டு" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தது அதில் இருக்காது. பள்ளிக்கூடத்தில் படித்த ஏதோ ஒரு பாட்டும், அப்பா சவரம் செய்யும்போது முணுமுணுத்ததும் மூன்று தடவை வந்திருக்கும்.

அந்த நோட்டில் இருப்பவைதான் தொடக்கம். பிறகு ஒவ்வொன்றையும் ஒரே நாளில் ஐந்து முறை தொடர்ந்து போட்டுக் கேளுங்கள். மூன்றாம் முறையே சில பாட்டுகள் காலியாகிவிடும். முதல் முறை நெஞ்சைத் தொட்ட திருப்பம் அடுத்து வருவது தெரிந்தவுடன் ஒன்றுமில்லாமல் போகும். வேறு சில, ஐந்தாம் முறை கேட்கும்போதுதான் பின்னால் தம்புரா இருப்பதையே காட்டும். இரண்டாவது வகையைத் தீவுக்கு எடுத்துப் போங்கள்.

எட்டும் எட்டு வேளைக்கு ஆகிறதா என்றும் பாருங்கள். விடியலில் எழுந்திருக்க ஒன்று வேண்டாமா? வேலை செய்யும்போது கைக்குத் தாளம் தர ஒன்று? தூங்க ஒன்று? எட்டும் ராத்திரிப் பாட்டாகக் கொண்டுவந்தவர்கள் உண்டு. பகலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் யோசிக்கிறார்கள்.

தமிழ்ப் பாட்டு பிடிக்கும், ஆனால் பொருள் முழுக்கத் தெரியாது. வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி. எடுக்கலாமா?

கண்டிப்பாக எடுங்கள். இதைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். அப்படிக் கேட்க வேண்டியதே இல்லை.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு பெரியம்மா வருவார். முருகன் பாட்டு ஒன்றை ஆரம்பம் முதல் கடைசி வரை தாளம் தவறாமல் பாடுவார். பாடி முடித்ததும் காற்று வருகிறது என்று "ஃபெர்ம் லாபோர்த்" என்பார். கதவைச் சாத்தச் சொல்லக்கூட அவருக்குக் கிரியோல்தான் வரும். அவருடைய பாட்டு நோட்டில் தேவாரம் முழுக்க ஆங்கில எழுத்தில் இருக்கிறது, அவருடைய கையெழுத்தில், ஓரம் பழுத்த தாளில். ஒருநாள் பாட்டில் வரும் "கடப்ப மாலை" என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார். கடம்ப மரத்துப் பூவால் கட்டிய மாலை, முருகனுக்குச் சாத்துவது என்றேன். ஐம்பது வருஷமாகப் பாடுகிறேன், அது பூ என்று தெரியாதே என்றார். அடுத்த மாதம் பாடும்போது அந்த இடம் வந்ததும் கொஞ்சம் நிதானித்துப் பாடினார்.

தீவில் தனியாக விட்டால் முதலில் போவது பேச்சு. அலெக்சாண்டர் செல்கர்க் என்ற ஸ்காட்லாந்து மாலுமி 1704 முதல் 1709 வரை, நாலு வருஷமும் நாலு மாதமும், சிலி நாட்டுக்கு அப்பால் ஒரு தீவில் தன்னந்தனியாக இருந்தார். தனிமையைத் தாங்க வேதாகமத்துச் சங்கீதங்களை உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். ஆனாலும் அவரைக் கண்டெடுத்த கப்பல் தலைவர், பழக்கம் விட்டுப்போனதால் அவர் சொற்களைப் பாதி பாதியாகத்தான் பேசினார், புரிந்துகொள்வதே கஷ்டமாக இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். நம் வீடுகளில் நடந்ததும் அதுதான், நாலைந்து தலைமுறையில். பேச்சு தேய்ந்தது. பாட்டு மட்டும் மெய்யெழுத்து, உயிரெழுத்து குலையாமல் நின்றது, ஏனென்றால் தாளம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு எழுத்தை விழுங்கினால் தாளம் இடிக்குமே!

ஆகவே எட்டில் குறைந்தது ஐந்து பாட்டு நீங்கள் வாய்விட்டுப் பாடக்கூடியதாக இருக்கட்டும். வெறுமனே கேட்க மட்டும் முடிகிற பாட்டு எவ்வளவு உயர்ந்ததானாலும், தீவில் உங்கள் நாக்குக்கு வேலை தராது.

சினிமாப் பாட்டு கொண்டுவந்தால் குறைவாக நினைப்பீர்களா?

இல்லை. வானொலியின் தமிழ் நிகழ்ச்சியில் கேட்ட சினிமாப் பாட்டால் தமிழ் பழகியவர்கள் எங்கள் கூட்டத்திலேயே பாதிப் பேர்.

செகா எடுக்கலாமா?

எடுக்காமல் வந்தால்தான் எனக்கு வருத்தம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இந்த மண்ணில் உண்டாக்கிய இசை அது. 2014ல் யுனெஸ்கோ மொரீசியசின் மரபுச் செகாவை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பழைய முறைச் செகாவுக்கு ரவான், மரவான், முக்கோணக் கம்பி மூன்றும் போதும். மரவான் என்பது கரும்புப் பூவின் தண்டுகளை வரிசையாகக் கட்டி, உள்ளே விதை போட்டுக் குலுக்குகிற தட்டைப் பெட்டி. நம் ஆட்கள் வெட்டிய அதே கரும்பின் பூ.

ரவானைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? வட்டமான மரச் சட்டத்தில் ஆட்டுத்தோல். கடற்கரைக் காற்றில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். தட்டினால் சாக்கைத் தட்டுவது போலச் சத்தம். வாசிக்கிறவர் காய்ந்த ஓலையைக் கொளுத்தி, அனலுக்கு மேலே தோலைக் காட்டிச் சுற்றிக்கொண்டே இருப்பார். நடுநடுவே விரலால் ஒரு தட்டு. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். சரியான இடம் வந்ததும் நெருப்பை விட்டு எடுத்துவிடுவார், ஒரு நொடி தாமதித்தாலும் தோல் கருகும். இதையேதான் நம் பறைக்காரரும் செய்கிறார். முதல்முறை ரவானை அனல் காட்டுவதைப் பார்த்தபோது எனக்கு மாரியம்மன் கோயில் வாசல்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு கண்டத்திலிருந்து வந்தவர்கள் ஒரே தீவில் ஒரே மாதிரி நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சியிருக்கிறார்கள்.

கச்சேரி ராகம் ஒன்றே ஒரு மணி நேரம் ஓடுகிறதே, அதை ஒரு பாட்டாகக் கணக்கு வைக்கலாமா?

ஆகட்டும். பிபிசி நிகழ்ச்சி தொடங்கிய காலத்தில், நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் இடம். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஆலாபனையையும் கீர்த்தனையையும் சுருக்கிப் பாடிய பழைய வித்வான்களின் தட்டுகள் தனி அழகு. நீள்தட்டு 1948ல் வந்த பிறகுதான் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. தொடர்ந்து பாடிய ஒரே உருப்படி என்றால், ராகம் தானம் பல்லவியானாலும், எங்களுக்கு அது ஒன்றுதான். ஆனால் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் மட்டும் போடுவோம். எந்தப் பதினைந்து நிமிடம் என்று முன்கூட்டியே குறித்து வாருங்கள்.

எல்லாம் சோகப் பாட்டாக வருகிறது. தனிமையில் தாங்குமா?

தாங்கும் என்பது என் அனுபவம். உற்சாகமான பாட்டு பக்கத்தில் ஆளில்லாத நேரத்தில்தான் அதிகம் வலிக்கிறது, கைதட்ட வேண்டிய இடத்தில் உங்கள் இரண்டு கைதான் இருக்கும். முகாரி துயரத்துக்குரிய ராகம் என்பார்கள். அதைக் கேட்டு எழுந்தால் மனம் லேசாகத்தான் இருக்கிறது. ஒப்பாரி பாடிய பெண்களும் அதைத் தெரிந்துதானே பாடினார்கள்? செகாவிலும் பாருங்கள், சொல் கண்ணீராக இருக்கும், இடுப்பு ஆடிக்கொண்டிருக்கும். தூக்கத்துக்கு மட்டும் நீலாம்பரியில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தாலாட்டுக்கு அந்த ராகம் என்று நம் முன்னோர் வைத்தது பொருத்தமாகவே இருக்கிறது.

நான் பாடியதையே பதிந்து கொண்டுவரலாமா?

வரலாம். 1958ல் அந்த பிபிசி நிகழ்ச்சிக்குப் போன எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப் என்ற புகழ்பெற்ற பாடகி எட்டில் ஏழு தட்டு தாமே பாடியவையாகத் தேர்ந்தெடுத்தார். அதைத் தற்பெருமை என்று இன்றுவரை பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு பதிவிலும் கூட வாசித்தவர்கள், அன்றைய அறை, அன்றைய மூச்சு எல்லாம் அவருக்குத் தெரியும். வேறு எந்தத் தட்டில் அவ்வளவு ஆள் துணை கிடைக்கும்?

தீவில் மின்சாரம் ஏது?

கற்பனையில் அது தீராது என்று வைத்துக்கொள்கிறோம். ஆனால் மின்சாரம் இல்லாத பாட்டு எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், புயல் வருகிற ஊர்தானே.

2002 ஜனவரியில் தினா புயல் வந்தபோது நானும் அம்மாவும் மட்டும் வீட்டில் இருந்தோம். ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்திருந்தோம். மின்சாரம் முதலிலேயே போய்விட்டது. எங்களிடம் பேட்டரியில் ஓடுகிற கேசட் பெட்டி ஒன்று இருந்தது. வானொலியில் புயல் செய்தி கேட்பதற்காக பேட்டரியை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தோம், ஆனால் இரண்டாம் ராத்திரி காற்றின் ஊளை தாங்காமல் அம்மா ஒரு பக்திப் பாட்டுக் கேசட்டைப் போடச் சொன்னார். ஒரு பக்கம் ஓடியது. மறுபக்கம் பாதியில் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. நாடா மெதுவாகச் சுற்றியது, பெண் குரல் ஆண் குரலாகக் கனத்து, இழுத்து இழுத்து, ஒரு சொல்லின் நடுவில் நின்றது.

அம்மா அந்தச் சொல்லிலிருந்தே எடுத்தார். அவருடைய வழக்கமான சுருதி அது இல்லை. பெட்டி எவ்வளவு கீழே இறங்கி நின்றதோ அந்தச் சுருதியிலேயே, அடித்தொண்டையில், மீதிப் பாட்டைப் பாடி முடித்தார். பிறகு அடுத்த பாட்டு. கேசட்டில் இருந்த வரிசையிலேயே பாடினார். மெழுகுவர்த்தி இரண்டு தீர்ந்தது. அன்றைக்குத்தான் எனக்கு இந்த எட்டுப் பாட்டுக் கேள்விக்குப் பதில் எங்கே தேடவேண்டும் என்று புரிந்தது. அதனால்தான் பாடக்கூடிய பாட்டாக எடுங்கள் என்று எல்லோரிடமும் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

புத்தகமும் ஒரு பொருளும் உண்டா?

உண்டு, பேச்சு வளர்வதற்காக. பொருள் உயிருள்ளதாக இருக்கக்கூடாது, தப்பித்து வர உதவக்கூடாது. பாடுகிறவர்களுக்கு என் யோசனை: துருத்தி வைத்த பழைய சுருதிப் பெட்டி. கையால் அழுத்தினால் போதும். மிருதங்கம் கேட்டவர்களுக்கு ஒன்று சொல்லுவேன், தொப்பிப் பக்கத்துக்கு வாசிக்கும் ஒவ்வொரு முறையும் ரவை பிசைந்து ஒட்ட வேண்டும். தீவில் ரவை கிடைக்காது.

நம் பக்கத்துக் கடலில் உண்மையிலேயே அப்படி யாராவது தீவில் மாட்டிக்கொண்டதுண்டா?

உண்டு, அதை மறக்காமல் இருக்க வேண்டும். நமக்கு வடக்கே திரொம்லென் என்ற மணல் திட்டு. மரம் கிடையாது, பரப்பு ஒரு சதுரக் கிலோமீட்டர் அளவுதான். 1761ல் மடகாஸ்கரிலிருந்து அடிமைகளை ஏற்றிக்கொண்டு இங்கே, அன்றைய ஈல் த ஃப்ரான்சுக்கு, வந்த உத்தீல் என்ற கப்பல் அங்கே உடைந்தது. பிழைத்த கப்பல்காரர்கள் உடைந்த மரத்தில் ஒரு படகு கட்டிக்கொண்டு போனார்கள். மடகாஸ்கர் மக்கள் அறுபது பேர் அளவில் விடப்பட்டார்கள், திரும்ப வந்து அழைத்துப்போகிறோம் என்ற வாக்குறுதியோடு. கப்பல் வந்தது 1776ல். பதினைந்து வருஷம் கழித்து ஏழு பெண்களும் எட்டு மாதக் குழந்தை ஒன்றும் மட்டும் இருந்தார்கள். அத்தனை வருஷமும் நெருப்பை அணையவிடாமல் காத்திருந்தார்கள்.

அந்தக் குழந்தையைத் தூங்கவைக்க ஏதோ ஒரு பாட்டுப் பாடியிருப்பார்கள். யாரும் அதை எழுதி வைக்கவில்லை. முறை வருகிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பட்டியல் கேட்பது.

இதற்கு நேர் எதிரானதும் நம் காலத்தில் நடந்தது. சாகோஸ் தீவு மக்களை 1968க்கும் 1973க்கும் இடையில் அவர்களுடைய தீவுகளிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். பலர் போர்ட் லூயிசுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் தம்பூர் என்ற மேளம் கொட்டிப் பாடும் தம்பூர் செகாவில் தம் தீவைப் பற்றிப் பாடுகிறார்கள். 2019ல் அதை உடனே காப்பாற்ற வேண்டிய மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது.

உலகத்துக்கே சேர்த்து யாராவது பாட்டுத் தேர்ந்தெடுத்ததுண்டா?

1977ல் ஏவிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் தங்க முலாம் பூசிய தட்டு வைத்து அனுப்பினார்கள். 27 இசைத் துண்டுகள், ஏறக்குறைய 90 நிமிடம். இந்தியாவிலிருந்து கேசர்பாய் கேர்க்கர் பாடிய ஒன்று இருக்கிறது. 55 மொழிகளில் வணக்கமும் உண்டு. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களம் இருக்கிறது. தமிழ் இல்லை. எத்தனையோ முறை பட்டியலைத் தேடிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

அலை வந்து எட்டில் ஏழு பாட்டை அடித்துக்கொண்டு போகிறது. ஒன்றைத்தான் பிடிக்க முடியும். நீங்கள் எதைப் பிடிப்பீர்கள்?

வானொலியிலும் கடைசியில் இதைத்தான் கேட்பார்கள். என்னுடையது ஒரு மல்லாரி. சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்திலும் தவிலிலும் வாசிப்பது, கம்பீர நாட்டை ராகம், சொல்லே கிடையாது. பாடக்கூடியதை எடு என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு இதையா என்று கேட்பீர்கள். அம்மாவின் பாட்டுகள் எனக்கு மனப்பாடம், அவை அலையில் போகாது. இது அப்படி இல்லை.

எங்கள் கோயில் திருவிழாவில் நான் போனிலேயே பதிந்தது. ஒலித்தரம் சுமார்தான். நாதஸ்வரக்காரர் இந்தியாவிலிருந்து வந்திருந்தார். தொடங்கும்போது ஒரு குழந்தை அழுகிறது. ஒருவர் தேர்க் கயிற்றுக்காரர்களைக் கிரியோலில் அதட்டுகிறார். இரண்டாம் நிமிடத்தில் எனக்குப் பின்னால் யாரோ ஒரு அம்மாள் "முருகா" என்று மெல்லச் சொல்வது கேட்கிறது. தவில் வேகம் எடுக்கும்போது கற்பூரத் தட்டின் மணி குறுக்கே வருகிறது. அந்த ஆறு நிமிடத்தில் நூறு பேராவது இருக்கிறார்கள்.

என் முறை வருகிறது. என்ன கொண்டுவர வேண்டும்?

எட்டையும் வரிசையாக எழுதிய ஒரு தாள். தமிழில் எழுத வராவிட்டால் எந்த எழுத்திலும் எழுதுங்கள். பாட்டு போனில் இருந்தாலும் சரி, குறுந்தட்டில் இருந்தாலும் சரி. கேசட் பெட்டி எங்களிடம் இருக்கிறது, பழைய கேசட் இருந்தால் ஒருமுறை வீட்டில் சுற்றிப் பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள், நாடா ஒட்டிப்போயிருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூட்டி வாருங்கள். ஐந்து மணிக்குத் தொடங்குகிறோம், டீ அங்கே போடுவோம்.